கோழிக்குஞ்சுக்குப் புண்ணாக்குத் தீன்

வினாயகபுரம் போன்ற அம்பாறைக் கரையோர ஊர்களிற் கோழி வளர்க்கும் கமக்காரர் தவிட்டுடன் தேங்காய்ப் புண்ணாக்கைச் சேர்ப்பதுண்டு. இதில் நூற்றுக்கு ஏறக்குறைய 20 பங்கு புரதம் உண்டு. ஆயினும் வளரும் குஞ்சுக்கு இன்றியமையாத லைசின் குறைவு, நாரோ மிகுதி. எள்ளுப் புண்ணாக்கிலும் லைசின் குறைவே. ஆகவே சோயாப் புண்ணாக்கோ மீன்தூளோ அளவாகக் கலத்தல் வேண்டும்.

பூஞ்சணம் பிடித்த புண்ணாக்கு நஞ்சாகும். 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் இலட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. அவை உண்ட நிலக்கடலைப் புண்ணாக்கில் அஃப்ளாடொக்சின் என்னும் பூஞ்சண நஞ்சு இருந்தமை பின்னர் அறியப்பட்டது. தேங்காய்ப் புண்ணாக்கிலும் இந்நஞ்சு உண்டாகலாம். வேகவைத்தாலும் முற்றாக அழியாது.

எனவே மாரிகாலத்திற் சிறிது சிறிதாக வாங்கி, நிலத்திற் படாது பலகைமேல் உலர்வாக வைத்தல் நலம். பூஞ்சணம் பிடித்ததைப் புதைத்துவிடுக. கறவை மாட்டுக்கும் கொடுக்கலாகாது. நஞ்சு பாலிலும் சேரும்.