கச்சான் காலத்துப் பரீட்சை

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் முதலாம் வினாத்தாளில் பாடம் கிடையாது. இந்த வரிசையில் அடுத்த உருவம் எது, கூட்டத்தில் சேராதது எது என்று கேட்பார்கள். நுண்ணறிவை அளக்கிறோம் என்பது நினைப்பு. ரியூசன் கொட்டிலில் கட்டுக்கட்டாகப் பழைய வினாத்தாள் செய்த பிள்ளைக்கோ அந்த உருவங்கள் எல்லாம் பழகிய முகங்கள்.

2025 இல் பரீட்சை ஆகஸ்ட் 10 அன்று நடந்தது. மன்னார்த் தீவின் தென்கரையில் அது கச்சான் காற்றுக் காலம். தாழ்வுபாட்டிலும், தீவுக்கு அப்பால் வங்காலையிலும் கடல் முரடாக இருக்கும். முடிந்தவர்கள் வடகரைக்குத் தொழிலுக்குப் போவார்கள். முடியாத வீட்டில் கடைக் கொப்பியில் கடன் ஏறும்; தோடு அடைவுக்குப் போகும்.

காசுமுடை புத்தியையே தட்டுமா? தட்டும் என்கிறது, 2013 இல் 'சயன்ஸ்' இதழில் வந்த ஆய்வு. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துக் கரும்பு விவசாயிகள் 464 பேரை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தார்கள். கொடுத்தது ரேவன் உருவ வினாக்கள். நம் முதலாம் வினாத்தாளுக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அறுவடைக்கு முன், கையில் காசில்லாத நாட்களில், அதே ஆட்கள் குறைவாகச் செய்தார்கள். ஆலை முறைவைத்துக் கரும்பு வெட்டச் சொல்வதால், ஒரே மாதத்தில் ஒருவருக்குக் காசு வந்திருக்கும், மற்றவருக்கு வந்திராது. ஆகவே வெயில் மழையைக் காரணம் காட்ட முடியாது. தலை மாறவில்லை, மடி மாறியது.

அவர்கள் வளர்ந்தவர்கள், உண்மைதான். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு, யோசனையில் மூழ்கிய தாயும் தகப்பனும்தான் வீட்டுச் சூழல். அதற்கு மேல் இரத்தசோகை, வாசிக்க ஒரு புத்தகமில்லாத வீடு, மன்னாரில் இடப்பெயர்வு. 1990 ஒக்டோபரில் துரத்தப்பட்ட முஸ்லிம் குடும்பங்களின் பிள்ளைகளில் எத்தனையோ பேர் எழுத்துப் படித்தது புத்தளத்து முகாம்களில்.

அரசு இதை அறியாததல்ல. பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. மன்னார் அந்த 16 இல் ஒன்று. புலமைப்பரிசிலுக்கும் மாவட்டத்துக்கு மாவட்டம் வெட்டுப்புள்ளி வேறு. ஆனால் மாவட்டம் என்பது ஒரு சராசரி. மன்னார் நகரத்தில் இரண்டு ரியூசனுக்குப் போய் வரும் உத்தியோகத்தர் வீட்டுப் பிள்ளைக்கும், காலையில் வலையில் மீன் கழற்றிவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பிள்ளைக்கும் வெட்டுப்புள்ளி ஒன்றே.