தூங்கவிடாத தாக்குதல்

லிட்டில் இந்தியா ஓரமா ஓடுற ரோச்சோர் கால்வாயைப் பார்த்திருப்பீங்க. சிங்கப்பூர்க் கால்வாய்களில் நீர்மட்டத்தை அளக்கப் பொதுப் பயனீட்டுக் கழகம் உணர்கருவிகளைப் பொருத்தியிருக்கிறது. அப்படியொரு கருவி வெயிலிலிருந்தே மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். பேட்டரி மாற்றும் வேலை இல்லை. ஆனால் வரவு சிறுவாட்டுக் காசு மாதிரிதான். அதனால் அது பெரும்பாலும் தூங்கும்; விழித்து, அளந்து, கம்பியில்லாமல் செய்தி அனுப்பிவிட்டு மறுபடி தூங்கும்.

தாக்குபவர் கடவுச்சொல்லை உடைக்கவே வேண்டாம். போலிச் செய்திகளை அனுப்பிக்கொண்டே இருந்தால் கருவிக்குத் தூக்கம் போச்சு, மின்சாரமும் போச்சு. 1999இல் பிராங்க் ஸ்டஜானோவும் ராஸ் ஆண்டர்சனும் இதைத் தூக்கம் பறிக்கும் சித்திரவதை என்றே அழைத்தார்கள். வெயில் வந்ததும் கருவி மீண்டும் எழும் என்பதால், நடந்தது பழுதா தாக்குதலா என்றே தெரியாமல் போகலாம். டிசம்பர் பருவமழையில் வானம் மூடிக்கிடக்கும்போது சேமிப்பு குறைவு. கால்வாய் நிரம்புவதும் அப்போதுதானே!

குறியாக்கம் செய்தால் தீராதா என்று மாணவர்கள் கேட்பார்கள். வரும் செய்தி உண்மையா என்று சோதிக்கவும் மின்சாரம் செலவாகுமே. அதற்கு ஒரு வழி, மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும் சிறு வானொலி ஏற்பியை வாசலில் காவல் வைப்பது. ரகசியக் குறி பொருந்தினால்தான் அது கருவியை எழுப்பும். அந்தக் குறி ஒவ்வொரு முறையும் மாறணும். இல்லாவிட்டால் ஒட்டுக்கேட்டவர் அதையே திருப்பி அனுப்பிவிடுவார்.