பூஞ்செடிக்குச் சிலிக்கன் வேண்டுமா?

பாவுக்குக் கஞ்சி ஏற்றாமல் தறியில் பூட்டினால் நூல் அறுந்து தொல்லை தரும் என்பதை நெசவாள அங்கத்தினர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. செடியின் தண்டுக்கும் இலைக்கும் அத்தகைய விறைப்பைத் தருவது சிலிக்கன். தருமபுரி மாவட்டத்தில் சாமந்தியும் சம்பங்கியும் குண்டுமல்லியும் பயிரிடுவோர், புட்டிகளில் விற்கும் சிலிக்கன் திரவத்தை வாங்கலாமா என்று யோசிப்பது இயல்பே.

பூமியின் மேலோட்டில் எடைக்கு நூற்றில் ஏறக்குறைய 28 பங்கு சிலிக்கன்தான். எனினும் மணலாகக் கிடப்பது வேருக்கு உதவாது. நீரில் கரைந்த சிலிசிக் அமிலத்தையே வேர் ஏற்கும். அது செல் சுவர்களில் படிந்து அவற்றை உறுதியாக்குகிறது.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஜெர்பராவுக்கு இச்சத்தை அளித்து, பூக்காம்பு பருத்ததையும் பூ அகன்றதையும் கண்டு 2010-இல் வெளியிட்டனர். ரோஜாவில் சாம்பல் நோயின் வேகம் தணிவதை டென்மார்க் நாட்டு விஞ்ஞானிகள் 2012-இல் காட்டினர். ஆயினும் 2008-இல் வெளியான சூரியகாந்திச் சோதனையை மறத்தலாகாது. பொட்டாசியம் சிலிகேட் அளவு மிஞ்சிய செடிகள் குறுகின, பூக்கள் உருக்குலைந்தன, பூக்கும் நாளும் தள்ளிப்போயிற்று.

இவை தொட்டிகளில் நடந்த சோதனைகள் என்பதையும் நோக்க வேண்டும். தொட்டிக் கலவையில் கரையும் சிலிக்கன் மிகக் குறைவு. நம் செம்மண்ணோ ஓரளவேனும் தானே அளிக்கிறது. ஆகவே, ஓசூர்ப் பக்கம் (2004 வரை அதுவும் நம் மாவட்டமே) பசுமைக் குடிலில் தென்னை நார்க்கழிவை இட்டு வளர்ப்போருக்குக் கிட்டும் பலன், திறந்த வயலில் சாமந்தி இடுவோருக்கும் அப்படியே கிட்டும் என நாம் உறுதி கூறோம்.

வயலுக்கு முதலில் உமிச்சாம்பலே போதும் என்பது நம் கருத்து. நூறு கிலோ உமியை எரித்தால் சுமார் 20 கிலோ சாம்பல் கிட்டும். அதில் பெரும்பகுதி சிலிக்காவே. கடுஞ்சூட்டில் வெந்து வெளுத்த சாம்பலைவிட, மிதமான சூட்டில் எரிந்த கருஞ்சாம்பல் எளிதில் கரையும். தொழு உரத்துடன் அடியுரமாக இடலாம். களர் நிலமாயின் மண் பரிசோதனைக்குப் பின்னரே இடுக. பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தில் யோசனை கேட்கலாம்.

திரவத்தை வாங்கியே தீருவோமெனில், கால்சியம் உரத்துடன் கலத்தல் கூடாது, கலவை கட்டிப்படும். தெளித்தால் இதழில் வெண்படலம் தங்கி விலையைக் கெடுக்கும். வேரில் ஊற்றுவதே நன்று. அதுவும் முதலில் இரண்டு பாத்திகளுக்கு மட்டும்.