பாக்டீரியாவுக்குப் பசித்தால் குடல் என்னாகும்?

வெங்காயம், பூண்டு, பயறு வகைகளில் உள்ள சில நார்ச்சத்துகளை உடைக்கும் நொதிகள் நம் உடலில் சுரப்பதில்லை. செரிக்காமல் பெருங்குடல் வரை போகும் அவற்றை அங்கே வாழும் பாக்டீரியாக்கள் புளிக்கவைத்துத் தின்கின்றன. நன்மை செய்யும் பாக்டீரியாக்களுக்கு இப்படி உணவாகும் நார்ச்சத்துதான் ப்ரீபயாடிக். வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள இனுலின் அந்த வகை. சோற்றை வடித்து ஆறவிட்டால் அதிகரிக்கும் செரிக்காத மாவுச்சத்தும் இதே வேலையைச் செய்கிறது. ஆனால் எல்லா நாரும் இப்படியல்ல; கோதுமைத் தவிடு பெரும்பாலும் மலத்தின் அளவைத்தான் கூட்டும்.

பாக்டீரியாக்கள் தின்றபின் வெளியிடுவதில் முக்கியமானது பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலம். பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தமக்கு வேண்டிய ஆற்றலில் ஏறக்குறைய 70 சதவீதத்தை இதிலிருந்தே பெறுகின்றன. நோயெதிர்ப்புச் செல்கள் எல்லை மீறிக் கொதித்தெழாமல் அடக்குவதிலும் இதற்குப் பங்குண்டு.

நார்ச்சத்தே வராவிட்டால்? 2016-இல் வெளியான எலி ஆய்வு இதைக் காட்டியது. பட்டினி கிடந்த பாக்டீரியாக்கள் குடல்சுவரைப் போர்த்தியிருந்த சளிப்படலத்தையே தின்னத் தொடங்கின. படலம் மெலிந்தது; நோய்க்கிருமி சுவரை எளிதில் நெருங்கியது; கடும் அழற்சி வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டும் குடல் புண்படலாம் என்பதை இதைவிடத் தெளிவாக எனக்கு எதுவும் உணர்த்தியதில்லை.

மனிதர்களிடம் நடந்த சோதனை ஒன்றும் உண்டு. பிட்ஸ்பர்க் நகரின் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 20 பேரும் தென்னாப்பிரிக்கக் கிராமவாசிகள் 20 பேரும் இரண்டு வாரம் உணவை மாற்றிக்கொண்டார்கள். சோதனையை நடத்திய ஆய்வாளர் ஸ்டீபன் ஓகீஃபின் குழு 2015-இல் முடிவை வெளியிட்டது. அமெரிக்கர்களின் நார்ச்சத்து நாளுக்கு 14 கிராமிலிருந்து 55 கிராமாக ஏறியது. பியூட்டிரேட் கூடியது, குடல் அழற்சியின் அடையாளங்கள் குறைந்தன. கொழுப்பு மிகுந்து நார் குறைந்த உணவுக்கு மாறிய கிராமத்தாருக்கு நேர்மாறாக நடந்தது. கொழுப்பும் இறைச்சியும்கூட மாறியதால் பெருமை முழுவதும் நாருக்கே சேராது. ஆனாலும் இரண்டே வாரத்தில் இவ்வளவு மாற்றம்!

இதைப் படித்துவிட்டு நாளைக்கே இனுலின் பொடி வாங்கிவிட வேண்டாம். அவசரப்பட்டால் வயிறு உப்பும், வாயு பிடிக்கும். பயறு, காய், கீரையை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போகலாம். தண்ணீரும் கூடவே வேண்டும். கிரோன் நோய், அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் ஆகிய குடல் அழற்சி நோய்கள் உள்ளவர்களின் நிலை வேறு. நோய் தீவிரமாக இருக்கும்போது, நாரை உடைக்கும் பாக்டீரியாக்கள் குறைந்திருக்கலாம். அப்போது உடையாத இனுலின் போன்றவை சிலருக்கு அழற்சியைத் தூண்டக்கூடும். குடல் சுருங்கியிருந்தால் முரட்டு நார் அடைத்துக்கொள்ளவும் கூடும். அவர்கள் மருத்துவரைக் கேட்டே உணவை மாற்ற வேண்டும்.