கரிமத்தில் பிறக்கும் ஒளி

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் பேருந்துக்குக் காத்திருப்பவர் கையிலுள்ள திறன்பேசி, கரிம ஒளியுமிழ் டையோடுத் திரை கொண்டதாயின், அதில் கறுப்பாகத் தெரியும் இடத்தில் ஒளியே இல்லை. திரவப் படிகத் திரைக்குப் பின்புறம் விளக்கொன்று எரிந்துகொண்டிருக்க வேண்டும். இங்கோ ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்கிறது. ஒளி தருவது, கார்பனை முதன்மையாகக் கொண்ட கரிமச் சேர்மம்.

1987ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தின் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகியோர் இரு மெல்லிய கரிமப் படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் படியச் செய்து, 10 வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் பச்சை ஒளியைப் பெற்றனர். ஒருபுறமிருந்து எலக்ட்ரான்களும் மறுபுறமிருந்து துளைகளும் வந்து சேருமிடத்தில் மூலக்கூறு கிளர்வுறும். பின்னர் ஒளியை உமிழ்ந்து இயல்பு நிலைக்குத் திரும்பும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. இவ்வாறு தோன்றும் நான்கு கிளர்வுகளுள் ஒன்றே ஒற்றை நிலையில் அமையும். மற்ற மூன்றும் மும்மை நிலையில் அமையும். சாதாரணக் கரிம மூலக்கூறு ஒற்றை நிலையிலிருந்து மட்டுமே நன்கு ஒளிர்வதால், முக்கால் பங்கு ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. 1998இல் ஃபாரஸ்ட், தாம்சன் குழுவினர் பிளாட்டினம் என்னும் கன உலோகத்தைச் சேர்த்து மும்மை நிலையையும் ஒளிரச் செய்தனர். பின்னர் வந்த இரிடியம் சேர்மங்கள் மேலும் சிறந்தன. ஆனால் இரிடியம் மிக அரிய உலோகம்.

உலோகமே இன்றி இயலுமா? இயலும் என 2012இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் அடாச்சி குழுவினர் காட்டினர். எலக்ட்ரானை வழங்கும் கார்பசோல் தொகுதிகளையும், எலக்ட்ரானைக் கவரும் சயனோ தொகுதிகளையும் ஒரே பென்சீன் வளையத்தில் நெருக்கமாகப் பொருத்தினர். இட நெருக்கடியால் கார்பசோல் தொகுதிகள் முறுக்கிக்கொள்ள, இரு கிளர்வு நிலைகளுக்கும் இடையிலான ஆற்றல் வேறுபாடு மிகச் சிறிதாயிற்று. அறை வெப்பமே மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு உயர்த்தப் போதுமானதாயிற்று. முறுக்கம் மிகுந்தால் ஒளிரும் திறனே குன்றிவிடும் என்பதால், அளவறிந்து முறுக்குவதே வடிவமைப்பாளரின் திறமை.

நீல நிறம் மட்டும் எளிதில் வசப்படவில்லை. சிவப்பு ஒளித்துகளுக்கு ஏறத்தாழ 2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் போதும். நீலத்திற்கோ ஏறத்தாழ 2.7 தேவை. அத்தகைய உயர் ஆற்றல் மூலக்கூறின் வலுவற்ற பிணைப்புகளையே முறித்துவிடக்கூடும். சிவப்பும் பச்சையும் நின்றொளிரும் சேர்மங்களுக்கு மாறிய பின்பும், திறன்பேசிகளில் நீலம் நெடுங்காலம் பழைய வழியிலேயே நின்றது இதனால்தான். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வேதியியல் துறையினர் இச்சிக்கலையொட்டி, ஃபினாந்த்ரோஇமிடசோல் வளையம் கொண்ட நீல ஒளிர்பொருள்களைத் தொகுத்து ஆராய்ந்துள்ளனர். வளையங்கள் பிணைந்து விறைப்பாக இருப்பதால் இவை வெப்பத்தைத் தாங்கும். ஆயினும், இணைக்கப்படும் பக்கத் தொகுதி சற்று மாறினாலும் நிறம் பச்சையை நோக்கி நகர்ந்துவிடலாம்.