கணனியின் வேகமும் கொழும்பின் வெயிலும்

ஆழமறியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. இக்காலத்து இளைஞருக்கோ ஆழத்தை அறியும் ஆவலே காலை விடத் தூண்டுகின்றது. அந்த ஆவலை நாம் குறை கூறமாட்டோம். அறிவின் வளர்ச்சிக்கு அதுவே வித்து. ஆயினும், வீட்டிலுள்ள ஒரே கணனியின் மீது அந்த ஆவல் பாயும்போது பெற்றோரும் பிள்ளைகளும் சற்று நின்று சிந்திப்பது நன்று.

சில காலத்துக்கு முன் கொட்டாஞ்சேனையில் நண்பர் ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். மேல்மாடி அறையில், அஸ்பெஸ்டஸ் கூரையின் கீழ், உயர்தர வகுப்பில் பயிலும் அவர் மைந்தன் கணனியின் முன் தலையில் கைவைத்து அமர்ந்திருந்தான். விளையாட்டொன்று விரைவாக ஓடவேண்டுமென்று, எங்கோ கண்ட எண்களை அப்படியே பதிந்து, செயலியின் வேகத்தை ஒரே மூச்சில் உயர்த்தியிருக்கிறான். காலையில் நன்றாக ஓடிய கணனி நண்பகலில் நீலத் திரையைக் காட்டி நின்றுவிட்டது. அவனுடைய தமக்கை பல்கலைக்கழகத்துக்காக மூன்று வாரம் முயன்று எழுதிய ஆய்வுரையின் கோப்பும் அத்துடன் சிதைந்தது. அவ்வீட்டில் அன்று நிலவிய மௌனமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

ஓவர்குளொக்கிங் என்பது யாது?

கணனியின் மூளையாகிய செயலி ஒரு தாளத்துக்கு இயங்குவது. தாய்ப்பலகை தரும் அடிப்படைத் தாளம் பெரும்பாலும் செக்கனுக்கு 10 கோடி துடிப்பு. அதனையே 100 மெகாஹேட்ஸ் என்பர். செயலி இதனை ஒரு பெருக்கெண்ணால் பெருக்கிக்கொள்கின்றது. பெருக்கெண் 40 ஆயின் வேகம் 4,000 மெகாஹேட்ஸ், அதாவது 4 கிகாஹேட்ஸ். அந்த வேகத்தில் ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையே ஒளிகூட ஏழரைச் சென்ரிமீற்றர் தூரமே செல்லும். அத்துணைச் சிறு பொழுதுக்குள் செயலியின் மின்குறிகள் தத்தம் இடத்தை அடைந்துவிட வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அளவுக்கு மேல் இத்தாளத்தை விரைவுபடுத்துவதே ஓவர்குளொக்கிங்.

ஒரு காலத்தில் வெள்ளவத்தையில் பெரியதொரு நெசவாலை இயங்கியதை மூத்த வாசகர் அறிவர். தறியை வரம்பின்றி விரைவாக ஓட்டினால் நூல் அறும். செயலியில் கணக்குப் பிழைக்கும், கோப்புச் சிதையும், இறுதியில் இயந்திரமே நிற்கும்.

இம்முயற்சி புதியதன்று. 1984இல் வெளிவந்த ஐபிஎம் ஏரி கணனியின் 6 மெகாஹேட்ஸ் வேகத்தை, உள்ளிருந்த பளிங்கு அதிர்வியை மாற்றி 8 ஆக்கினோர் உளர். 1998இல் வந்த இன்ரெல் செலரோன் 300ஏ என்னும் மலிவான செயலியை 450 மெகாஹேட்ஸில் ஓட்டி மகிழ்ந்தோர் பலர். 2022 டிசெம்பரில் திரவ ஹீலியத்தால் குளிர்விக்கப்பட்ட செயலியொன்று 9 கிகாஹேட்ஸையும் கடந்தது. திரவ ஹீலியம் வெள்ளவத்தைச் சந்தையில் கிடைக்கும் பொருளன்றே! நமக்கு வாய்த்தவை காலி வீதிப் புழுதியும் கடற்காற்றும்தாம்.

வெப்பமே முதற் பகை

மீடிறனைக் கூட்டினால் செயலி கொள்ளும் வலு அதே விகிதத்தில் கூடும். வோல்ற்றளவைக் கூட்டினாலோ, அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். மாணவர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மீடிறனை 10 வீதம் உயர்த்தி, வோல்ற்றளவை 1.20இலிருந்து 1.35 ஆக்கினால் வலு ஏறத்தாழ 39 வீதம் ஏறுகின்றது. பத்துப் பங்கு வேகத்துக்கு முப்பத்தொன்பது பங்கு வெப்பம் விலையாகிறது!

காற்றினால் குளிர்விக்கும் விசிறி, அறையின் வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டு செல்ல மாட்டாது. குளிர்நாட்டில், 20 பாகை அறையில் சோதித்து எழுதிய எண்கள், 32 பாகையில் வேகும் கொழும்பு அறைக்குப் பொருந்துமா? அந்த 12 பாகையும் செயலியின் தலையிலேயே ஏறும். காலையில் ஓடிய கணனி நண்பகலில் நின்ற மர்மம் இதுவே. வெள்ளவத்தையில் கடலோர ஒழுங்கைகளில் வசிப்போருக்கு இன்னுமொரு தொல்லை உண்டு. உப்பும் ஈரமும் கலந்த காற்று உலோகத்தை அரிக்கும், தூசியையும் ஒட்டவைக்கும்.

தொடங்குவோர் செய்ய வேண்டியவை

முதலாவது, தம் கணனி இதற்கு இடங்கொடுக்குமா என்று அறிக. இன்ரெல் செயலிகளில் பெயரின் பின் ‘கே’ என்னும் எழுத்துடையவையும், ‘இசெட்’ வரிசைத் தாய்ப்பலகையும் வேண்டும். ஏஎம்டியின் றைசன் செயலிகள் பெரும்பாலும் இடங்கொடுப்பவை. ஆனால் ஏ520 போன்ற மலிவான பலகைகள் இடங்கொடா. பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவில் கணனி வாங்கும்போதே இதனைக் கேட்டறிந்தால் பின்னர் வருந்த நேராது. உத்தரவாதப் பத்திரத்தையும் வாசிக்க வேண்டும். இவ்வகையில் நேரும் பழுதுக்குப் பொதுவாக உத்தரவாதம் இல்லை.

இரண்டாவது, வீட்டாரின் கோப்புகள் அனைத்தையும் வேறோரிடத்தில் பிரதி செய்க. இதற்கு முன் ஒன்றையும் தொடலாகாது.

மூன்றாவது, விசிறியின் தூசியைத் துடைத்து, உலர்ந்துபோன வெப்பப் பசையைப் புதுப்பிக்க. எதையும் மாற்றுமுன், நண்பகல் வெயிலிலேயே சோதனை நிரலொன்றை ஓட்டி, வெப்பநிலையைக் குறிப்பேட்டில் எழுதுக. அப்போதே 85 பாகையைத் தொடும் கணனியை மேலும் விரட்டுவது தகாது.

நான்காவது, பயோஸில் பெருக்கெண்ணை ஒன்றே ஒன்று கூட்டுக. வோல்ற்றளவைத் தொடாதீர்கள். கால் மணி நேரம் சோதித்து வெப்பத்தைக் குறித்தபின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். தடுமாற்றம் கண்டால் ஒரு படி இறங்குக. தொடக்கக்காரருக்கு அவ்விடமே எல்லை. பின்னர் சில மணி நேரம் தொடர்ந்து சோதித்து உறுதி செய்க. ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். நினைவகத்தின் வேகத்தை அதே நாளில் தொட்டால் பிழை எதனால் வந்ததென்று அறிய இயலாது.

கணனி எழும்பவே மறுத்தால் அஞ்ச வேண்டா. மின்னிணைப்பைக் கழற்றி, தாய்ப்பலகையின் நாணயம் போன்ற மின்கலத்தைச் சிறிது நேரம் எடுத்து வைத்தால், பெரும்பாலான பலகைகளில் பழைய அளவுகள் திரும்பிவிடும்.

பயோஸைப் புதுப்பிக்க விரும்புவோர் யூபிஎஸ் இன்றி அதனைத் தொடங்கலாகாது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், பாணந்துறை உபமின்நிலையத்தில் குரங்கொன்று புகுந்ததால் நாடு முழுவதும் இருண்டதாக அமைச்சர் கூறியதை வாசகர் மறந்திரார். புதுப்பிக்கும் வேளையில் மின்சாரம் நின்றால் தாய்ப்பலகையே பயனற்றுப் போகக்கூடும்.

வேகம் எதற்காக?

இன்றைய செயலிகள் வெப்பம் இடங்கொடுக்குமளவுக்குத் தாமே வேகத்தை ஏற்றிக்கொள்பவை. நாம் கையால் பெறக்கூடிய மிகுதி சொற்பமே. வோல்ற்றளவு மிகுந்தால் நேரும் கேட்டினைத் தயாரிப்பாளரே உணர்ந்ததும் உண்டு. 2024இல் இன்ரெல், தன் 13ஆம் 14ஆம் தலைமுறை மேசைக் கணனிச் செயலிகள் சில மிகையான வோல்ற்றளவால் நிலைகுலைவதை ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டு நீட்டியது. 2022 தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாயிருந்த டொலர், அவ்வாண்டு மே மாதத்தில் 350 ரூபாவைக் கடந்ததை நம் குடும்பங்கள் அறியும். எரிந்த செயலிக்கு மாற்று வாங்குவது எளிதன்று. பழைய வன்தட்டுக்குப் பதிலாக எஸ்எஸ்டி பொருத்தினால் மாணவர் காணும் விரைவு இதனினும் பெரிது.

ஆயினும், பொறுமையோடு படிப்படியாக முயலும் பிள்ளை பௌதிகத்தையும் பரிசோதனை முறையையும் கைப்பழக்கமாகக் கற்கின்றது. அக்கல்வியை நாம் தடுக்கலாகாது.

கொட்டாஞ்சேனை நண்பரின் மைந்தன் அன்று மாலையே பழைய அளவுகளுக்குத் திரும்பினான். தமக்கையின் கையெழுத்துக் குறிப்புகள் நல்வினையாய் எஞ்சியிருந்தன. அடுத்த ஐந்து இரவுகளும் அவள் வாசிக்க, அவன் தட்டச்சுச் செய்தான். பின்னொரு நாள் அவனுடைய குறிப்பேட்டைப் பார்த்தோம். தேதி, அறை வெப்பம், பெருக்கெண், செயலியின் வெப்பம் என நான்கு நிரல்கள். மொத்தம் 200 மெகாஹேட்ஸ் உயர்வு. அதற்குமேல் ஒரு கோடு. முதற் பக்கத்தின் தலைப்பில் எழுதியிருந்தான்: “அக்காவின் கோப்புகள் பிரதி செய்யப்பட்டனவா?”