ஓசை மாறாதிருக்க எழுத்து மாறுகிறது
(ஸ்பானியம் பழகலாம் - தொடர்)

ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் 2010-இல் தொடங்கிய ஆலையின் மேக்னைட் கார் மெக்சிகோவுக்கும் ஏற்றுமதியாகிறது. பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்தும் அந்நாட்டுக்குக் கார்கள் போயிருக்கின்றன. அங்கே வண்டியை வாங்குபவருக்கான ஸ்பானியக் கையேட்டில் 'தொடாதீர்கள்', 'அணைக்காதீர்கள்' என்று தடுக்கும் வாக்கியங்களுக்குக் குறைவிருக்காது. ஸ்பானியம் படிப்பவர் தடுமாறுவதும் அங்கேதான். தொடுவது 'தோகார்', தொடாதீர்கள் என்றால் 'நோ தோகே'. சொல்லும்போது ககரம் அப்படியே நிற்கிறது. எழுதும்போதோ சி மறைந்து, கியூவும் யுவும் வந்துவிடுகின்றன. இத்தகைய வினைகளை விதிவிலக்குகளாகப் பட்டியலிட்டு மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் வேலை. இவை விதிக்குக் கட்டுப்பட்டே மாறுகின்றன.

எதிர்மறை ஏவலில் 'ஆர்' என முடியும் வினையின் ஈற்றில் எகரம் வரும். 'ஏர்', 'ஈர்' என முடிபவற்றில் அகரம் வரும். சி என்ற எழுத்தோ அ, ஒ, உ ஆகியவற்றின் முன் ககரமாகவும், எ, இ ஆகியவற்றின் முன் சகரமாகவும் ஒலிக்கும். பழைய சியையே விட்டுவைத்தால் 'தோகே' என்பது 'தோசே' ஆகிவிடும்! அணைப்பதற்கான 'அபகார்', 'நோ அபகே' ஆகும்போது ஜிக்குப் பின் யு சேர்வதும் இதற்காகவே. 'திரிஹிர்', அதாவது திருப்புதல், 'நோ திரிஹா' ஆகையில் ஜியின் இடத்துக்கு ஜே வருகிறது. தமிழில் இது தலைகீழ். கல், பகல், பங்கு மூன்றிலும் ஒரே ககரத்தை எழுதி, இடத்துக்கேற்ப ஒலியை மாற்றுகிறோம். ஸ்பானியர்கள் ஒலியைக் காப்பாற்ற எழுத்தை மாற்றுகிறார்கள்.

'உத்திலிசார்' என்ற வினையைக் காட்டி ஒருவர் மறுக்கலாம். பயன்படுத்தாதீர்கள் என்னும்போது அதன் இசட் சியாக மாறுகிறது. மெக்சிகோவில் இரண்டும் சகரமே. மாற்றாவிட்டாலும் ஒலி கெடாது. மறுப்பு சரிதான். எகரத்துக்கு முன் இசட் எழுதுவதில்லை என்ற எழுத்து மரபே அங்கே ஆள்கிறது. ஆனால் அதுவும் ஒற்றை வரி விதிதான், பட்டியல் தேவையில்லை. பலகைகளில் 'நோ தோகார்' என்று வினையின் மூல வடிவமே போதுமே என்பது இன்னொரு வாதம். நம் ஆலைச் சுவரில் 'தொடக்கூடாது' என்று எழுதுவதைப் போல, பலகைக்கு அது போதும். பணம் கொடுத்து வாங்கியவரிடம் பேசும் கையேட்டில் மரியாதை ஏவல் வர வேண்டிய இடங்கள் உண்டு. அங்கே எழுத்து மாற்றம் தப்பாது. ஸ்பெயின் நாட்டுப் பாடநூல்கள் இதற்கு 'கோஹேர்' என்ற வினையை உதாரணமாகத் தருவதுண்டு. எடுத்தல் என்ற பொருளில் அங்கே சாதாரணச் சொல், மெக்சிகோவில் கொச்சை. கையேட்டில் அதை எழுதிவிடாதீர்கள்.

பட்டியலை மூடிவிட்டு, வினையை வாய்விட்டுச் சொல்லி, அந்த ஒலிக்கு எந்த எழுத்து பொருந்தும் என்று பாருங்கள். வைத்தலுக்கு 'கொலோகார்', சுமை ஏற்றுதலுக்கு 'கார்கார்'. இவ்விரண்டின் எதிர்மறை ஏவலையும் அடுத்த இதழுக்குள் எழுதிப் பாருங்கள்.